சம்பளம் போட்டாச்சு... 7-ம் தேதிக்குள்ள டி.டி.எஸ் கட்டியாச்சா? சொந்த ஊரில் குட்டி ஆபீஸ் நடத்துறவங்களுக்கு ஒரு கைடு

"தம்பி, ஃபார்ம் 16 எப்ப கிடைக்கும்? வீட்டு லோனுக்கு பேங்க்ல கேக்குறாங்க..."

கீரனூரில் ஒரு குட்டி ஆபீஸ். நீங்கதான் ஓனர்னு வெச்சுக்குவோம். (பழனி பக்கத்துக் கீரனூர் இல்லைங்க. திருச்சி - புதுக்கோட்டை ரோட்டில் இருக்கிற குளத்தூர் தாலுகா கீரனூர்.) சென்னையில் வாடகை கொடுத்துக் களைத்து, 'ஊர்லயே ஆபீஸ் போட்டாச்சு'னு ஸ்டேட்டஸ் வைத்து ஒரு வருஷம் ஆகிறது. வெளிநாட்டுக் கட்டடங்களுக்கு ஸ்டீல் டிராயிங் போட்டுக் கொடுக்கிற வேலை. மொத்தம் ஆறு பேர். ஐந்து பேருக்கு 18,000-லிருந்து 30,000 வரை சம்பளம். ஆறாவது ஆள், வளைகுடாவில் பல வருஷம் இருந்துவிட்டு ஊரோடு வந்துவிட்ட சீனியர் இன்ஜினீயர். மாதம் 1,20,000. உங்களைத் 'தம்பி'ன்னு கூப்பிடுகிற அளவுக்கு மூத்தவர். லோன் கேட்கிறது அவர்தான்.

அவர் சம்பளத்தில் மாதாமாதம் வரியைப் பிடித்துவிட்டுத்தான் மீதியைப் போட்டிருக்கிறீர்கள். பே-ஸ்லிப்பிலும் 'டி.டி.எஸ்'னு ஒரு வரி இருக்கிறது. ஆனால், அவர் வருமான வரி போர்ட்டலுக்குள் போய் 26ஏஎஸ்ஸைத் திறந்தால் அதில் ஒன்றுமே இல்லை. அந்தப் பணம் எங்கே போச்சு? உங்க கரன்ட் அக்கவுன்ட்டிலேயே இருந்து, ஒரு மாதம் ஆபீஸ் வாடகையாக, இன்னொரு மாதம் புது லேப்டாப்பாக மாறியிருக்கலாம். அல்லது ஒழுங்காகக் கட்டியிருப்பீர்கள், ஆனால் யார் பெயரில்னு சொல்லாமல் விட்டிருப்பீர்கள். நேர்மையான ஆட்கள் மாட்டுவது பெரும்பாலும் இரண்டாவதில்தான்.

மொய்க்கவர் கணக்கு

புதுக்கோட்டைப் பக்கத்து ஆட்களுக்கு இதைப் புரியவைக்க ஒரு மொய் விருந்து போதும். விருந்துக்கு வர முடியாத பக்கத்து வீட்டு அண்ணன் உங்ககிட்ட 1,000 ரூபாய் கவர் கொடுத்து அனுப்புகிறார். அந்தப் பணம் உங்களுடையது இல்லை, நீங்கள் கொண்டுபோகிறவர் மட்டுமே. வழியில் பெட்ரோல் போட்டுவிட்டு, 'அப்புறம் சேர்த்துக் கொடுத்துக்கலாம்'னு நினைத்தால் தப்பு. சரி, கொண்டுபோய்க் கொடுத்துவிட்டீர்கள். வேலை முடிந்ததா? மொய் நோட்டில் அண்ணன் பெயரும் ஊரும் சரியாக ஏறினால்தான் முடிந்தது. பெயர் ஏறாமல் பணம் மட்டும் போயிருந்தால், அண்ணன் கணக்கில் அது வராத மொய்தான்.

டி.டி.எஸ்ஸும் அப்படியே. மாதாமாதம் செலானில் பணம் கட்டுவது கவரைக் கொடுப்பது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஃபைல் பண்ணுகிற 24க்யூ என்கிற அறிக்கைதான் மொய் நோட்டு. செலானில் ஊழியர் பெயரே கிடையாது. உங்க ஆபீஸ் இவ்வளவு கட்டியது என்பது மட்டும்தான் அதில் இருக்கும். அதில் எத்தனை ரூபாய் யாருடையது என்று பான் நம்பரோடு அரசுக்குச் சொல்வது 24க்யூ மட்டுமே. 'மாசாமாசம் ஒழுங்கா கட்டிட்டோம்ல, அப்புறம் என்ன?' என்று 24க்யூவை மறக்கிற ஓனர்கள் நிறைய. எனக்கே முதல் வேலையில் இதுதான் நடந்தது. எந்த ஆபீஸ்னு சொல்லப்போவதில்லை. ஆனால், வர வேண்டிய 4,000 ரூபாய் ரீஃபண்டுக்காக ஒன்றரை வருஷம் மெயில் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

நமக்கெல்லாம் இது பொருந்துமா?

'நம்ம டர்ன்ஓவர் ஒரு கோடி கிடையாதே, டி.டி.எஸ் எதுக்கு?' என்பார்கள். கான்ட்ராக்டர் பில், வாடகை மாதிரியான செலவுகளில் தனிநபர் தொழில்களுக்கு அப்படி ஒரு வரம்பு உண்டு. சம்பளத்துக்குக் கிடையாது. வருமான வரிச் சட்டத்தின் 192-வது பிரிவு, சம்பளம் கொடுக்கிற 'எவரும்' பிடிக்க வேண்டும் என்கிறது. மாத்தூர் பக்கம் பெல்லை நம்பி ஓடுகிற ஃபேப்ரிகேஷன் யூனிட்டோ, கீரனூர் கடைத்தெரு கிளினிக்கோ, மாடியில் நாலு கம்ப்யூட்டர் போட்ட உங்க ஆபீஸோ... சட்டத்துக்கு எல்லாம் ஒன்றுதான்.

ஆனால், எல்லார் சம்பளத்திலும் பிடிக்க வேண்டியதில்லை. வருஷ வருமானத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்து, வரி வருகிற ஆளுக்கு மட்டும்தான். 2025-26 நிதியாண்டில் புதிய வரி முறைப்படி 75,000 ரூபாய் நிலையான கழிவு போக 12 லட்சம் வரை வரி இல்லை. அதாவது, சம்பளம் மட்டுமே வருமானம் என்றால் ஆண்டுக்கு 12,75,000 வரை ஜீரோ. ஆக, உங்க ஆறு பேரில் ஐந்து பேருக்கு எதுவும் பிடிக்க வேண்டாம். யாருக்குமே வரி வராத ஆபீஸ் என்றால் 24க்யூவும் கட்டாயம் இல்லை. ஏற்கெனவே டான் நம்பர் வாங்கி வைத்திருந்தால் மட்டும், டிரேசஸ் தளத்தில் 'இந்தக் காலாண்டுக்கு அறிக்கை இல்லை' என்று ஒரு டிக்ளரேஷன் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் 'ஏன் ஃபைல் பண்ணலை?' என்று மெயில் வந்துகொண்டே இருக்கும்.

சம்பளம் என்றால் என்ன என்பதில்கூட ஒரு பெரிய வழக்கு நம்ம தமிழ்நாட்டிலிருந்துதான் போனது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் டீச்சராக வேலை பார்க்கிற கன்னியாஸ்திரிகள், பாதிரியார்கள் சம்பளத்தைத் தாங்கள் வைத்துக்கொள்வதில்லை, தங்கள் சபைக்கே கொடுத்துவிடுகிறார்கள். அதனால் டி.டி.எஸ் பிடிக்கக் கூடாது என்பது அவர்கள் வாதம். பல பத்தாண்டுகளாகப் பிடிக்காமலும் இருந்தார்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2019-ல் 'பிடிக்கணும்' என்றது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. வாங்கினவர் பணத்தை அப்புறம் என்ன செய்கிறார் என்பது பிடிக்கிறவருடைய கவலை இல்லை என்பதுதான் இதன் சாரம். 'என் மச்சான்தான் ஆபீஸைப் பார்த்துக்கிறான், அவன் சம்பளம் வீட்டுக்குத்தான் வருது' என்று சொல்கிறவர்களுக்கும் இதே பதில்தான்.

ஓனர் நீங்க தனி ஆள் என்றால், நீங்க எடுக்கிற பணம் சம்பளம் ஆகாது. பார்ட்னர்ஷிப் என்றால் கவனம். பார்ட்னர்களுக்குக் கொடுக்கிற சம்பளம், வட்டி எல்லாம் ஆண்டுக்கு 20,000-த்தைத் தாண்டினால் 10% பிடிக்க வேண்டும் என்று 2025 ஏப்ரல் 1 முதல் 194டி என்ற தனிப் பிரிவு வந்துவிட்டது. அது வேறு கதை.

எவ்வளவு பிடிக்கணும்?

நம்ம சீனியர் அண்ணனையே எடுத்துக்குவோம். மாதம் 1,20,000 என்றால் வருஷத்துக்கு 14,40,000. நிலையான கழிவு 75,000 போனால் 13,65,000. முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த 4 லட்சத்துக்கு 5% என்றால் 20,000. அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 10%, அது 40,000. மீதி 1,65,000-க்கு 15%, அதாவது 24,750. கூட்டினால் 84,750. அதன்மேல் 4% செஸ் 3,390 சேர்த்தால் 88,140 ரூபாய். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 7,345. இதுதான் ஒவ்வொரு சம்பளத்திலும் பிடிக்க வேண்டியது.

வருஷ ஆரம்பத்திலேயே ஊழியரிடம் 'பழைய முறையா, புதிய முறையா?' என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் 'புதுசே போதும் தம்பி' என்பதைவிட ஒரு மெயில் நல்லது. எதுவும் சொல்லாவிட்டால் புதிய முறைப்படிதான் பிடிக்க வேண்டும். பழைய முறை என்றால் வீட்டு வாடகை, எல்.ஐ.சி, வீட்டுக்கடன் வட்டி ஆதாரங்களோடு ஃபார்ம் 12பிபி வாங்க வேண்டும். நடுவருஷத்தில் வந்து சேர்ந்தவர் என்றால் பழைய கம்பெனி சம்பள விவரத்தையும் ஃபார்ம் 12பியில் கேட்டு வாங்குங்கள். கேட்காமல் விட்டால் இரண்டு கம்பெனியும் தனித்தனியே 12 லட்சம் வரை விலக்கு கொடுத்து, வருஷக் கடைசியில் மொத்த வரியும் அவர் தலையில் விழும்.

தீபாவளி போனஸ் 60,000 கொடுத்தால்? வருஷ வருமானம் ஏறுவதால் வரி 9,360 கூடும். அதை மீதி மாதங்களுக்குப் பிரித்துப் போட்டுக்கொள்ளலாம். 'அய்யோ, ஏப்ரல்ல இருந்து பிடிக்கவே இல்லையே' என்று அக்டோபரில் முழித்துக்கொண்டாலும் வழி இருக்கிறது. ஒரே நிதியாண்டுக்குள் கூட்டிக் குறைத்துக்கொள்ளச் சட்டமே அனுமதிக்கிறது. 88,140-ஐ மீதி ஆறு மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 14,690. அண்ணன் முகம் கொஞ்சம் வாடும். முன்னாடியே சொல்லிவிட்டுப் பிடியுங்கள்.

7-ம் தேதியும் மற்ற தேதிகளும்

முதலில் டான் நம்பர். பான் வேற, டான் வேற. நாலு எழுத்து, ஐந்து இலக்கம், கடைசியில் ஒரு எழுத்து. ஆன்லைனிலேயே ஃபார்ம் 49பியில் விண்ணப்பிக்கலாம். செலவு நூறு ரூபாய்க்குள்தான். வாங்க வேண்டியவர் வாங்காமல் விட்டால் அபராதம் 10,000. வந்ததும் வருமான வரி இ-ஃபைலிங் போர்ட்டலிலும், டிரேசஸ் தளத்திலும் தனித்தனியே பதிவு பண்ண வேண்டும். புதுக்கோட்டைக்கோ திருச்சிக்கோ பஸ் ஏற வேண்டிய வேலை எதுவும் இதில் இல்லை.

ஒரு மாதம் பிடித்த வரியை அடுத்த மாதம் 7-ம் தேதிக்குள் கட்ட வேண்டும். மார்ச் மாதம் பிடித்ததற்கு மட்டும் ஏப்ரல் 30 வரை டைம். கணக்கு, சம்பளம் எந்த மாதத்துக்கு என்பதில் இல்லை, எப்போது கொடுத்தீர்கள் என்பதில்தான். க்ளையன்ட் பணம் வராமல் ஆகஸ்ட் சம்பளத்தை செப்டம்பர் 10-ல் போட்டால், அதற்கான டி.டி.எஸ் அக்டோபர் 7-க்குள் கட்டினால் போதும்.

போர்ட்டலில் 'இ-பே டாக்ஸ்' போய், டான் கொடுத்து, சம்பள டி.டி.எஸ்ஸைத் தேர்ந்தெடுத்து, யு.பி.ஐ-யிலோ நெட் பேங்கிங்கிலோ கட்டிவிடலாம். ஐந்து நிமிஷ வேலை. சொதப்புகிற இடம் ஒன்றுதான்: மதிப்பீட்டு ஆண்டு. 2025-26-ல் பிடித்த வரிக்கு 2026-27 என்று தேர்ந்தெடுக்க வேண்டும். அவசரத்தில் ஒரு வருஷம் மாற்றிப் போட்டால் பணம் அரசிடம் இருக்கும், உங்க கணக்கில் இருக்காது. செலான் பி.டி.எஃப்பை உடனே டவுன்லோடு பண்ணி, அதில் இருக்கிற பி.எஸ்.ஆர் கோடு, தேதி, செலான் நம்பர் மூன்றையும் பத்திரமாக வையுங்கள். 24க்யூவில் அதைத்தான் கேட்பார்கள்.

ஒரு நாள் லேட்டானால் என்ன ஆகிவிடும் என்று தோன்றும். கேளுங்கள். ஜூலை 31-ல் 7,345 பிடித்தீர்கள். ஆகஸ்ட் 7 கடைசி நாள். நீங்கள் 8-ம் தேதி கட்டினீர்கள். வட்டி மாதத்துக்கு ஒன்றரை சதவிகிதம். ஒரு நாள்தானே லேட் என்று ஒரு மாத வட்டி போடுவார்களா? இல்லை. பிடித்த நாளிலிருந்து எண்ணுவார்கள், மாதத்தின் ஒரு பகுதியும் முழு மாதம்தான். ஜூலை ஒன்று, ஆகஸ்ட் ஒன்று, ஆக இரண்டு மாதம், 3%. 220 ரூபாய். தொகை சின்னதுதான், ஆனால் வருஷம் பூராவும் 8-ம் தேதி கட்டுகிற ஆபீஸுக்கு ஒவ்வொரு மாதமும் இந்த 3% ஓடும்.

24க்யூவுக்கான கடைசித் தேதிகள்: ஏப்ரல் - ஜூனுக்கு ஜூலை 31, ஜூலை - செப்டம்பருக்கு அக்டோபர் 31, அக்டோபர் - டிசம்பருக்கு ஜனவரி 31, ஜனவரி - மார்ச்சுக்கு மே 31. இங்கே லேட் ஃபீஸ் ஒரு நாளைக்கு 200 ரூபாய். அந்தக் காலாண்டில் பிடித்த வரி எவ்வளவோ அதுதான் உச்சவரம்பு. முதல் காலாண்டு அறிக்கையை செப்டம்பர் 10-ல் போட்டால் 41 நாள், 8,200 ரூபாய் காலி. வரி மொத்தத்தையும் 7-ம் தேதிக்கு முன்னாடியே கட்டியிருந்தாலும் இது உண்டு. இவ்வளவு சின்ன ஆபீஸுக்கு நாளைக்கு 200 என்பது கொஞ்சம் அதிகம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அரசுக்கு வரி வசூலித்துக் கொடுக்கிற வேலையைச் சம்பளமில்லாமல் செய்கிறவரிடமே ஃபீஸும் வாங்குகிறார்கள். ஆனால், அந்தப் பக்கம் பான் எண்ணோடு ஒரு ஆள் காத்துக்கொண்டிருக்கிறார் என்பதையும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

24க்யூவை ஃபோனில் போட முடியாது. ஆர்.பி.யூ என்ற இலவச சாஃப்ட்வேரை கம்ப்யூட்டரில் இறக்கி நீங்களே போடலாம். முதல் இரண்டு தடவை ஆடிட்டரை வைத்துப் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள் என்பேன். நாலாவது காலாண்டு மட்டும் பெரிசு. ஒவ்வொருவரின் முழு வருஷச் சம்பளக் கணக்கும் அதில் போகும். அதை வைத்துத்தான் ஃபார்ம் 16 உருவாகும். ஜூன் 15-க்குள் அதை டிரேசஸிலிருந்து டவுன்லோடு பண்ணிக் கொடுத்துவிட வேண்டும். வேர்டில் டைப் அடித்து சீல் குத்தி நீட்டுவது ஃபார்ம் 16 இல்லை. பேங்க் அதிகாரி அதில் சர்டிஃபிகேட் நம்பரைத் தேடுவார், இருக்காது.

பி.எஃப், இ.எஸ்.ஐ இருக்கிற ஆபீஸ் என்றால் அதற்கு 15-ம் தேதி. பேரூராட்சிக்குக் கட்டுகிற தொழில் வரி அரையாண்டுக்கு ஒருமுறை. மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு 15-ம் தேதிதான் எல்லாத்துக்கும் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். மலேசியாவில் சம்பள வரிக்கு அடுத்த மாதம் 15, இலங்கையிலும் 15. இங்கே 7. சிங்கப்பூரில் இருக்கிற உங்க மாமாவைக் கேட்டால், 'சம்பளத்துல வரியே பிடிக்க மாட்டாங்களே' என்பார். அங்கே கம்பெனி விவரத்தை மட்டும் கொடுத்துவிடும், வரியை ஊழியரே அடுத்த வருஷம் கட்டுவார். அதைக் கேட்டுவிட்டு இங்கே பிடிக்காமல் இருந்துவிடாதீர்கள்.

பிடிக்காமலே விட்டால்... பிடித்தும் கட்டாவிட்டால்...

இரண்டும் ஒன்றில்லை. பிடிக்காமல் விட்டதற்கு மாதம் 1% வட்டி. அதோடு, அந்தச் சம்பளத்தில் 30% செலவாக ஏற்கப்படாது. அண்ணனின் 14,40,000-ல் 4,32,000 உங்க லாபத்தில் சேர்ந்து, அதற்கு நீங்க வரி கட்ட வேண்டிவரும். அவரே ரிட்டர்ன் போட்டு வரியைக் கட்டிவிட்டார் என்றால், ஆடிட்டரிடம் ஃபார்ம் 26ஏ சான்றிதழ் வாங்கித் தப்பிக்கலாம், வட்டி மட்டும் மிஞ்சும்.

பிடித்துவிட்டுக் கட்டாமல் இருப்பதுதான் ஆபத்து. அது அடுத்தவர் பணம். 1961-ம் வருஷச் சட்டத்தில் இதற்கு 3 மாதத்திலிருந்து 7 வருஷம் வரை ஜெயில் என்றே எழுதியிருந்தார்கள். 2024 அக்டோபர் முதல் ஒரு சலுகை: அந்தக் காலாண்டு அறிக்கையின் கடைசித் தேதிக்குள் வட்டியோடு கட்டிவிட்டால் இந்தக் கிரிமினல் வழக்கு இல்லை. பெரிய கம்பெனிகளும் இதில் சறுக்கியிருக்கின்றன. கிங்ஃபிஷர் ஏர்லைன்ஸ் ஊழியர்கள் சம்பளத்தில் பிடித்த வரியை அரசுக்குக் கட்டாமல் விட்டது. பைலட்டுகள் பே-ஸ்லிப்பைக் கையில் வைத்துக்கொண்டு அலைந்தார்கள்.

நீங்க ஓனர் இல்லை, ஊழியர் என்றால் இந்தப் பத்தியை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். சம்பளத்தில் வரி பிடித்தாகிவிட்டது என்றால், அதே வரியை உங்ககிட்ட மறுபடி கேட்கக் கூடாது என்று 205-வது பிரிவு சொல்கிறது. ஓனர் கட்டாததற்காக ஊழியரிடம் வற்புறுத்தி வசூலிக்காதீர்கள் என்று மத்திய நேரடி வரிகள் வாரியமும் 2015-லும் 2016-லும் அதிகாரிகளுக்கு எழுதியிருக்கிறது. அதனால் பே-ஸ்லிப், பேங்க் ஸ்டேட்மென்ட் இரண்டையும் அழிக்காதீர்கள். அதற்காக ரீஃபண்ட் தானாக வந்துவிடும் என்று அர்த்தமில்லை. கம்ப்யூட்டர் பார்ப்பது 26ஏஎஸ்ஸை மட்டும்தான்.

ஒரு அப்டேட். வருமான வரிச் சட்டம் 2025 என்ற புதுச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. சம்பள டி.டி.எஸ் 192-லிருந்து 392-வது பிரிவுக்குப் போகிறது. நிதியாண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்ற குழப்பம் போய் 'வரி ஆண்டு' என்று ஒன்றே ஒன்று. ஃபார்ம் எண்களும் மாறுகின்றன. பழைய தப்புகளைத் திருத்துவதற்கான காலமும் சுருங்குகிறது. எனவே, 24க்யூவில் பான் தப்பாகப் போன பழைய பாக்கி ஏதாவது இருந்தால் இப்போதே ஆடிட்டரிடம் சொல்லுங்கள்.

சரி, நம்ம அண்ணனின் லோன்? விட்டுப்போன வரியை வட்டியோடு கட்டி, நிலுவையில் இருக்கிற 24க்யூக்களை லேட் ஃபீஸோடு ஃபைல் பண்ண வேண்டும். ஃபைல் பண்ணின சில நாளில் அவர் 26ஏஎஸ்ஸில் உங்க ஆபீஸ் பெயரும், மாதவாரியாகத் தொகையும் வந்துவிடும். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு எழுத்து இருக்கும். அது 'யு' என்றால் செலான் விவரம் பொருந்தவில்லை, எங்கேயோ ஒரு நம்பர் தப்பு. திருத்த அறிக்கை போட வேண்டும். 'எஃப்' என்றால் பணமும் பெயரும் சேர்ந்துவிட்டன. டீ குடிக்கக் கீழே இறங்கும்போது அவர் ஃபோனிலேயே திறந்து காட்டச் சொல்லுங்கள். எல்லா வரியிலும் 'எஃப்' இருந்தால், பேங்குக்கு எப்போது போகலாம் என்று அவரே முடிவு பண்ணிக்கொள்வார்.